அக்கரையில் பிறந்த குழந்தை



தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம்மவரின் பழைய வழக்கம். தாய்வீடு அடுத்த லயத்தில் இருந்தால் கவலையில்லை. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வாழும் பெண்ணுக்குத் தாய்வீடு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமாக இருந்தால் என்ன செய்வது? அங்கே பிறக்கும் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை? இக்கேள்விக்கு நம் நாடு காலத்துக்குக் காலம் அளித்த விடையின் வரலாற்றை இன்று காண்போம்.

ஒரு காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பல் நம் முன்னோர் பலருக்கு நினைவிருக்கும். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். அத்துறைமுகத்தையே 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். அன்று இரு கரைகளும் பிரிட்டிஷாரின் ஆதிக்கத்தில் இருந்தன. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவரும் ஊருக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், கைக்குழந்தையோடு திரும்பினார்கள். பிரஜாவுரிமை என்ற சொல் லயத்துக்குள் இன்னும் நுழையவில்லை.

1947-இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. 1948 பிப்ரவரி 1-ஆம் நாள் மலாயாக் கூட்டரசு அமைந்தது. கடல் அதே கடல்தான். ஆனால் அதன் நடுவே ஓர் எல்லைக்கோடு விழுந்துவிட்டது.

1957 ஆகஸ்ட் 31-இல் நம் நாடு சுதந்திரம் பெற்றபோது அரசியல் சட்டம் இரண்டு விதிகளை வகுத்தது. முதல் விதி, நாட்டுக்குள் பிறந்தோரைப் பற்றியது. சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் இறுதி வரை இங்கே பிறந்த குழந்தை, பிறந்த காரணத்தாலேயே பிரஜையானது. அதன்பின் விதி இறுகியது. பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று.

இரண்டாவது விதி, வெளிநாட்டில் பிறந்தோரைப் பற்றியது. அங்கே தந்தையையே சட்டம் பார்த்தது. தந்தை பிரஜையாகவும் இந்நாட்டிலேயே பிறந்தவராகவும் இருந்தால் குழந்தையும் பிரஜை. தந்தை பிரஜைதான், ஆனால் அவரே தமிழ்நாட்டில் பிறந்து பின்னர் இங்கே பிரஜாவுரிமை பெற்றவர் என்றால், குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் அரசாங்கம் மனமுவந்து தவணை நீட்டினால்தான் உண்டு.

நேயர்களே, அந்நாளில் தோட்டத்தில் வேலை செய்த ஆண்களில் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆகவே அந்த ஓராண்டுத் தவணை அவர்களையே நேராகத் தொட்டது. கிராமத்துக்கும் தூதரகத்துக்கும் இடையே எத்தனை தூரம்! பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அந்தப் பயணம் போயிருப்பார்கள்?

பத்திரத்தின் மதிப்பை நம் சமூகம் கசப்பான முறையில் கற்றுக்கொண்டது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. பிரஜை அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்ற விதி 1969-இல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் பிழைப்பை இழந்தனர். அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர் என்று கணக்கிடுவர். மண்ணில் உழைத்த ஆண்டுகளைச் சட்டம் எண்ணவில்லை. கார்டின் நிறத்தையே பார்த்தது.

அக்கரையில் பிறந்த குழந்தைக்கு அந்த நாடாவது இடம் தருமா? 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் அங்கே பிறந்தவர் பொதுவாக இந்தியக் குடிமக்களே. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பரில் விதி மேலும் கடுமையாயிற்று. ஆகவே மலேசியப் பெற்றோருக்கு இன்று அங்கே பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. இங்கேயும் பதியாமல் விட்டால், இரு கரையிலும் கால் ஊன்ற இடமில்லாத பிள்ளையாகிவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. அதுவே திருமணப் பதிவு. கோவிலில் தாலி கட்டினால் போதும் என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைச் சட்டப்படி பதிவது கட்டாயம். சட்டப்படி மணம் புரியாத பெற்றோரின் குழந்தைக்கு, அரசியல் சட்டத்தில் ‘தந்தை’ என்ற சொல் தாயையே குறிக்கும். மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிலிப்பீன்ஸில் பிறந்த ஒரு குழந்தையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. பெற்றோர் மணம் புரிந்தது பிறப்புக்குப் பிறகு. அக்குழந்தைக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று 2021 மே 28-இல் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். சில மாத இடைவெளி ஒரு வாழ்வின் வழியையே மாற்றிவிட்டது.

சரி, தாய் மலேசியப் பிரஜை, கணவர் இந்தியர் என்றால்? நெடுங்காலம் அவள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு உரிமை தானாக வரவில்லை. அவள் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. தாய்மார்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பர் 9-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 5-இல் முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. முடிவில் நாடாளுமன்றமே முன்வந்தது. 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் 206 உறுப்பினர் ஆதரவோடு அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. டிசம்பரில் மேலவையும் ஏற்றது. தந்தைக்கு மட்டும் இருந்த இடத்தைத் தாய்க்கும் அத்திருத்தம் அளிக்கிறது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் இரண்டு சங்கதிகளை மறக்கலாகாது. திருத்தம் நடப்புக்கு வருமுன் பிறந்த பிள்ளைகளுக்கு அது பின்னோக்கிச் செல்லாது. அவர்களுக்கு மனுப் போடும் வழியே உண்டு. அந்த மனுவுக்கான வயது வரம்பும் 21-லிருந்து 18 ஆகக் குறைகிறது. அதோடு, சிவப்புக் கார்டு பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தை தானாகப் பிரஜையாகும் வழியையும் அதே திருத்தம் நீக்குகிறது. ஒரு கதவு திறக்கும்போது இன்னொன்று சாத்தப்படுகிறது. நம் தோட்டப்புறங்களில் சிவப்புக் கார்டோடு வாழ்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரஜாவுரிமை வெறும் காகிதமா? பள்ளியில் சேர்க்கும் நாளில் அதன் அருமை தெரியும். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கும்போது தெரியும். மற்றப் பிள்ளைகள் 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போது, நம் பிள்ளை மட்டும் கைகட்டி நிற்கையில் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே திருமணத்தைப் பிள்ளை பிறக்குமுன் பதிவு செய்யுங்கள். பிரசவத்துக்குத் தமிழ்நாடு செல்வதானால் திருமணப் பத்திரத்தையும் அடையாளக் கார்டுகளின் நகலையும் உடன் கொண்டு செல்லுங்கள். அவ்வூர்ப் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, சென்னையிலுள்ள மலேசியத் தூதரக அலுவலகத்தில் ஓராண்டுக்குள் பதியுங்கள். தந்தை இங்கே பிறந்தவர்தானே என்று இருந்துவிடாதீர்கள். உரிமை இருந்தாலும் அதைக் காட்டப் பத்திரம் வேண்டும். ஐயமிருந்தால் தேசியப் பதிவிலாகாவில் நேரில் கேளுங்கள்.

பிள்ளைக்குப் பெயர் சூட்ட நல்ல நாள் பார்க்கிறோம். அப்பெயரைப் பதிவேட்டில் ஏற்றவும் ஒரு நாள் குறியுங்கள்.