இடையில் வந்த கதை

திங்கட்கிழமைகளில் நான் வேலை செய்யும் உணவகம் பூட்டு. அன்று பின்னேரம் ஹோர்சன்ஸின் மற்றப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே மருமகன் யப்பானியத் தொடர் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அது 'அனிமே'. கார்ட்டூன் என்றால் கோபம் வரும். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாயகன் வழியில் ஓர் ஊரில் தங்குகிறான். அந்த ஊரில் ஒரு கிழவருக்கு ஒரு துயரம். எனக்குக் கதை பிடித்துவிட்டது. மருமகனோ, "இது ஃபில்லர் மாமா. இதைப் பாக்காட்டிலும் கதை விளங்கும்" என்று சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிட்டான். எந்தெந்த அத்தியாயங்களைப் பார்க்கத் தேவையில்லை என்ற பட்டியலே அவனிடம் இருக்கிறது. கிழவருக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஃபில்லர் என்பதை 'இட்டுநிரப்பி' எனலாம். அது தோன்றிய காரணம் எளிமையானது. யப்பானில் 'மங்கா' எனப்படும் சித்திரக்கதை வாரந்தோறும் சஞ்சிகையில் வெளிவரும். அதைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரும் வாரந்தோறும் ஒளிபரப்பாகும். தொடர் விரைவாக ஓடி மூலக்கதையை எட்டிப்பிடித்துவிட்டால், சித்திரக்காரர் மேலே வரையும்வரை எதையாவது காட்டவேண்டும். 2002 முதல் 2007 வரை 220 அத்தியாயங்கள் ஓடிய 'நருட்டோ' தொடரின் கடைசி எண்பது அத்தியாயங்களிற் பெரும்பாலானவை இப்படி வந்தவையே. ஆனால் 1998இல் வெளிவந்த 'கௌபோய் பீபொப்' வேறுவகை. 26 அத்தியாயங்கள் கொண்ட அத்தொடரில் பெரும்பாலானவை தத்தம் அளவில் முடிந்துவிடும் தனிக்கதைகள். அது முதலிலேயே தொலைக்காட்சிக்கென்று எழுதப்பட்டது. நிரப்புவதற்கு இடைவெளி எதுவும் இருக்கவில்லை. ஆகவே இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மூலத்தில் இல்லாதது என்பது ஒன்று. மூலக்கதையை நகர்த்தாமல் தனித்து நிற்பது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடலாமா?

இந்த வழக்கு நமக்குப் புதியதல்ல. தமிழில் இதற்கென்றே சொற்கள் உண்டு. இடைச்செருகல் என்போம், மிகைப்பாடல் என்போம். கம்பராமாயணத்தைப் பொறுத்தவரை 'வெள்ளிப்பாடல்' என்று தனிப்பெயரே இருக்கிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தாமே பல பாடல்களை இயற்றிக் கம்பனுக்குள் நுழைத்தார் என்ற வழக்கிலிருந்து வந்த பெயர் அது. பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி ஐயத்துக்குரிய பாடல்களைப் பிரித்து, மிகைப்பாடல்கள் என்று தனியே அச்சிட்டார்கள். ரசிகமணி ரி. கே. சிதம்பரநாத முதலியார் இன்னும் ஒருபடி மேலே போனார். கம்பன் பெயரில் வழங்கிய பாடல்களிற் பெருந்தொகையானவற்றை இது கம்பன் வாக்கல்ல என்று தம் செவியையே அளவுகோலாகக் கொண்டு தள்ளிவிட்டார். மருமகனின் பட்டியலை அவர் கண்டிருந்தால் முறுவலித்திருப்பார் என நினைக்கிறேன்.

ஆனால் இந்த வழக்கில் முக்கியமான சாட்சி பாடல்கள் அல்ல, ஒரு முழுப் படலம். யுத்த காண்டத்தின் தொடக்கத்தில் வரும் இரணியன் வதைப் படலத்தையே சொல்கிறேன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடல்கள். இராமன் கடற்கரையில் வந்து நிற்கிறான். இலங்கையில் இராவணன் மந்திராலோசனை நடத்துகிறான். போர் இனித் தொடங்கவேண்டியதுதான். அந்த இடத்தில் விபீடணன் எழுந்து, வேறு யுகத்தில் வேறு அசுரனுக்கு நடந்த கதையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்குகிறான். இராமனும் சீதையும் இலங்கையும் அவ்வளவு நேரமும் காத்திருக்கின்றன. வான்மீகியில் விபீடணன் தமையனுக்குப் புத்தி சொல்கிறான், இக்கதையைச் சொல்வதில்லை. ஆக, மூலத்திலும் இல்லை, மூலக்கதையையும் நகர்த்தவில்லை. மருமகனின் இரண்டு விதிகளின்படியும் இது சுத்தமான ஃபில்லர்.

இந்த ஆட்சேபம் பழையது என்பதற்கு ஸ்ரீரங்கத்துக் கதை சான்று. கம்பன் தன் காவியத்தை அங்கே அரங்கேற்றியபோது, வான்மீகியில் இல்லாத இரணியன் கதையை எப்படிச் சேர்க்கலாம் என்று சபையோர் தடுத்தார்களாம். அந்தப் படலத்தைப் பாடிய வேளையில், அருகே கோயில்கொண்டிருந்த மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆரவாரித்து ஒப்புதல் தந்தாராம். தாயார் சந்நிதிக்கு முன்னாலுள்ள கம்பர் மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். இதை வரலாறாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. அரங்கேற்றத்தில் நாதமுனிகள் இருந்தார் என்பது வழக்கு. அவர் காலம் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகள். கம்பனைப் பெரும்பாலான ஆய்வாளர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். எனினும் கட்டுக்கதையும் ஒன்றைச் சொல்கிறது. அந்தப் படலம் வாசகர்களை உறுத்தியிருக்கிறது. அதேவேளை, நீக்கவும் மனம் வரவில்லை. ஏன் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் சொல்ல முடியாததால் சிங்கரைத் தலையாட்ட வைத்தார்கள்.

காரணம் காவியத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். கதையை யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். சொல்பவன் தம்பி. கேட்பவன் அரசனான தமையன். சொல்லப்படும் கதையோ, தன் வீட்டுத் தலைவனுக்கு எதிராக நின்ற ஒரு மகனுடையது. பாகவத மரபின்படி இரணியனே மறுபிறப்பில் இராவணன் ஆனான். அதாவது இராவணன் தன் பழைய சாவின் கதையைத் தன் சபையில் இருந்துகொண்டே கேட்கிறான். அது தனக்குத் தெரியாமலே கேட்கிறான்.

அதைவிட முக்கியம், கேட்டு முடித்தவன் சொல்வது. இராவணன் மந்தமான வாசகன் அல்லன். பிரகலாதன் தன் தகப்பன் கிழிபட்டதைக் கண்டு மகிழ்ந்தவன், நீயும் அவனைப் போன்றவன், நான் தோற்றபின் என் செல்வத்தை எடுத்துக்கொண்டு வாழலாம் என்பதுதானா உன் எண்ணம் என்று கேட்கிறான். தம்பி பக்தியின் கதையைச் சொன்னான். தமையன் துரோகத்தின் கதையாக அதைக் கேட்டான். இரண்டும் ஒரே கதைதான். அடுத்த படலம் விபீடணன் அடைக்கலப் படலம். அவன் இலங்கையை விட்டுப் போகிறான். இராவணன் சொன்னபடியே கடைசியில் அரசும் அவனுக்குக் கிடைக்கிறது. அந்தக் குற்றச்சாட்டைக் கம்பன் மறைக்கவில்லை. தமையனின் வாயால் முழுக்கச் சொல்லவிட்டிருக்கிறான்.

இராவணனின் இந்த வாசிப்புப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மேடையேறியது. பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் 1934இல் பெரியார் தலைமையில் அரங்கேறியது. அங்கே வீரன் இரணியன்தான். சென்னை மாகாண அரசு பின்னர் அதைத் தடைசெய்தது. காவியத்தின் இடையில் நிரப்பியாக வந்ததென்று சொல்லப்பட்ட ஒரு கதைக்கு இத்தனை ஆயுள் இருந்தது.

யாழ்ப்பாணத்தவருக்குக் கம்பனைவிட நெருக்கமானது கந்தபுராணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நமது பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்றார். கோயில்களில் புராணப்படிப்பு நடக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். பல நாட்கள் நீளும். அந்தப் புராணத்தின் அசுர காண்டத்தில் மார்க்கண்டேயப் படலம் வருகிறது. பதினாறு வயதுப் பிள்ளையை யமனிடமிருந்து சிவன் காத்த கதையை நம் ஆச்சிமார் எல்லாரும் தனிக்கதையாகவே சொல்லியிருக்கிறார்கள். கந்தபுராணத்தில் அதை யார் யாருக்குச் சொன்னார் என்பது பலருக்கு நினைவிராது. சூரபன்மனுக்கும் தம்பியருக்கும் தகப்பன் காசிபன் சொல்கிறான். அறத்தின் வழியே போங்கள் என்று சொல்லும் இடத்தில் வருகிறது அது. உடனே தாய் மாயை எழுந்து, அவர் சொல்வது முனிவருக்கு உரியது, உங்களுக்கு வேண்டியது வலிமையும் செல்வமும் என்கிறாள். பிள்ளைகள் தாயின் பக்கம் போகிறார்கள். அதன் பிறகுதான் வேள்வி, வரம், போர் எல்லாம். மார்க்கண்டேயனை எடுத்துவிட்டாலும் சூரன் போருக்குப் போவான், கதை விளங்கும். ஆனால் அவனுக்கு வேறொரு வழி காட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியாமற் போய்விடும்.

வியாச பாரதத்தில் நளன் கதையும் அப்படித்தான். சூதில் நாட்டை இழந்து காட்டிலிருக்கும் தருமன், என்னைவிடத் துன்பப்பட்ட அரசன் உண்டா என்று கேட்கிறான். அதற்கு விடையாகப் பிருகதசுவ முனிவர் சொல்வதே அது. புகழேந்தியின் நளவெண்பாவில் அது தனிநூலாயிற்று. மட்டக்களப்பிலும் நம்மூரிலும் கூத்தாடியவர்கள் ஓர் இரவில் பாரதம் முழுவதையும் ஆட நினைத்ததில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவரைக்கொண்டு புத்துயிர் கொடுத்த கூத்துக்களையும் பாருங்கள். கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை எல்லாமே ஒவ்வொரு துண்டுதான். துண்டை வைத்து முழுவதையும் உணரும் பழக்கம் நம்முடைய சனங்களுக்கு இருந்தது.

இதனால் இடையில் வந்தது எல்லாம் உயர்ந்தது என்று வாதிட நான் வரவில்லை. வெள்ளிப்பாடல்களிற் பல, முன்பாட்டில் சொன்னதையே இன்னொருமுறை சொல்பவை. கூத்திலும் விடியும்வரை நேரத்தை இழுக்க வந்த பகுதிகள் உண்டு. நருட்டோவின் எண்பது அத்தியாயங்களிலும் பொழுதைக் கடத்த எழுதியவை இருக்கத்தான் செய்யும். ஆனால் மூலத்தில் உண்டா என்பதோ, கதை நகர்கிறதா என்பதோ அதற்குச் சோதனை ஆகாது. அந்த இடத்தில் அதைச் சொல்ல ஒருவருக்குத் தேவை இருந்ததா, கேட்டவருக்கு அதனால் ஏதாவது நேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். விபீடணனுக்குத் தேவை இருந்தது. இராவணனுக்கு நேர்ந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்மூரில் விபீஷணன் என்பது வெறும் பெயரல்ல, ஒரு வசை. துரோகி என்பதன் மறுபெயர். அந்தச் சொல் ஒருவர்மேல் விழுந்தபின் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரணியன் வதைப் படலத்தைத் தாண்டிப் படித்தால் விபீடணன் ஒரே வரியில் முடிந்துவிடுவான்: தமையனை விட்டு எதிரியிடம் போனவன். படலத்தோடு படித்தால், அவன் போவதற்கு முன் சபையின் நடுவில் எழுந்து, நீண்டநேரம், ஒரு கதையின் வழியாகப் பேசியதைக் கேட்கவேண்டியிருக்கும். கேட்டபின்பும் அவனைக் குறைசொல்லலாம். ஆனால் கேளாமல் சொல்ல முடியாது.

நம்முடைய அண்மைக்கால வரலாற்றுக்கும் ஒரு மூலக்கதை இருக்கிறது. 1983இலிருந்து 2009 மே வரை போகும் கதை. அதற்குள் வராதவை எல்லாம் கிளைக்கதைகள் என்று ஒதுக்கப்பட்டன. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகப் போராடியது, இயக்கங்களுக்குள் பெண்கள் கேட்ட கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: முதலில் இது முடியட்டும், அதைப் பிறகு பார்ப்போம். 1990 ஒக்ரோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 70,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதை ஓர் இடைநிகழ்ச்சி என்று கடந்துபோன எத்தனையோ பேச்சுக்களை நான் கேட்டிருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். கதை விளங்கத்தான் செய்தது. அது யாருடைய கதையாக விளங்கியது என்பதை நான் கேட்கவில்லை.

பதிப்பாசிரியர்கள் மிகைப்பாடல்களைப் பின்னால் தள்ளியதிலாவது ஒரு நேர்மை இருந்தது. அவர்கள் அவற்றை எரிக்கவில்லை. வேண்டியவர் படிக்கட்டும் என்று அச்சிட்டார்கள். நம் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அந்த அளவோடு நிற்கக்கூடாது. ஒக்ரோபர் 1990 பின்னிணைப்பில் வரவேண்டியதல்ல. கம்பன் இரணியனை வைத்த இடத்தைப் போல, போருக்கு நடுவில், சபையில் இருப்பவர்கள் எழுந்து போகமுடியாத இடத்தில் அது வரவேண்டும்.