மூங்கிலைப் பிளந்து பிறந்த தூண்டிற்கோல்

மூங்கிலின் வலிமை அதன் தோலை ஒட்டி இருக்கிறது. பளபளக்கும் மேல்தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கில்தான் நார்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. உள்ளே போகப் போக நார் குறைந்து சோற்றுப்பகுதி மிகுகிறது, நடுவே வெற்றிடம். அந்த வலிய அடுக்கை மட்டும் தனியே எடுத்து, பிளாச்சுகளாக இழைத்து ஒட்டி ஒரு கோலாக்கினால் என்ன? 19ஆம் நூற்றாண்டில் சில கைவினைஞர்களுக்கு எழுந்த இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்பிளிட் கேன்’ தூண்டிற்கோல்.

அதுவரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோல்களை ஹிக்கரி, ஆஷ், கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் போன்ற மரங்களில் செய்தார்கள். சால்மன் பிடிக்கும் கோல் 18 அடி நீளம்கூட இருக்கும். இரு கைகளாலும் வீச வேண்டும். செயற்கைப் பூச்சியைக் கட்டி வீசும் தூண்டிலில் பூச்சிக்கு எடையே கிடையாது. கோல் வளைந்து நிமிரும் விசையில்தான் கனத்த நூல் பறந்துபோய் பூச்சியைத் தண்ணீரில் இறக்கும். எனவே கோல் எடை குறைந்ததாகவும் சட்டென நிமிர்வதாகவும் இருக்க வேண்டும். மரத்தில் ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் மூங்கில் பிளாச்சுகளை ஒட்டி நுனிப் பகுதியை மட்டும் செய்யும் வழக்கம் முன்பே இருந்தது. அமெரிக்காவில் அதைத் தொடங்கியவராகப் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ஃபிலிப்பைச் சொல்கிறார்கள். துப்பாக்கி செய்பவர், வயலினும் செய்தவர். 1840களின் நடுவில் அவர் கையாண்டது கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன இந்திய மூங்கிலை. அவர் வழியில் நியூஜெர்சியின் நெவார்க்கில் சார்லஸ் மர்ஃபி 1860களில் முழுக் கோலையும் மூங்கிலிலேயே செய்து விற்றார்.

அதைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் ஊர்க்காரரான ஹைரம் லியோனார்ட். அவரும் துப்பாக்கித் தொழிலில் இருந்தவரே. 60 பாகைக் கோணமுள்ள ஆறு முக்கோணப் பிளாச்சுகள் ஆரஞ்சுச் சுளைகள்போல நடுவில் கூடி, தோல்பக்கம் முழுக்க வெளியே தெரியும்படி அமைவது அவருடைய பட்டறையில் நிலைத்த வடிவம். பிளாச்சுகளைச் சரியான சரிவில் அறுக்க 1870களில் ஓர் எந்திரம் செய்து, பூட்டிய அறைக்குள் வைத்துக் காத்தார். 1881இல் பட்டறை நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலிக்கு மாறியது. அவரிடம் வேலை கற்ற எட்வர்ட்ஸ், தாமஸ், பெய்ன் ஆகியோர் பின்னாளில் தத்தம் பெயரிலேயே புகழ்பெற்றனர். இங்கிலாந்தில் அல்ன்விக் ஊரின் ஹார்டி சகோதரர்கள் ‘பலகோனா’ என்ற பெயரில் தங்கள் கோல்களை உலகெங்கும் அனுப்பினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைச் சீனத்தின் குவாங்டாங் மாகாண மூங்கில் பிடித்தது. வணிகர்கள் அதை டோன்கின் என்று அழைத்தார்கள். கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும். நார் அடுக்கும் தடிமன். 1950இல் அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை விதித்தபோது இந்த மூங்கிலின் வரத்தும் நின்றது. ஏற்கெனவே தலையெடுத்திருந்த கண்ணாடியிழைக் கோல்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் 1952இல் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்து பிரிட்டனின் சாதனையை முறியடித்தது ஸ்பிளிட் கேன் கோலால்தான்.

இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் கோலின் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. அதனால்தான் பரணிலிருந்து கிடைத்த பழைய கோல் ஒன்றின் வயதை, பெயர்ப்பொறிப்பு அழிந்திருந்தாலும், ஓரளவு கணிக்க முடிகிறது. மூலைகள் சீவப்பட்டு கோல் உருண்டையாக இருந்தால் அது தொடக்க காலத்ததாக இருக்க வாய்ப்புண்டு. மூலையைச் சீவினால் நல்ல நாரும் போகிறது என்பதை உணர்ந்த பிறகே ஆறுபட்டையை அப்படியே விட்டார்கள். மூங்கிலில் தீச்சுட்ட கருந்தழும்பு தெரிந்தால் கல்கத்தா மூங்கிலாக இருக்கலாம். விரற்கடைக்கு ஒரு பட்டுநூல் கட்டு இருந்தால் அது வஜ்ஜிரப் பசையின் காலம். ஈரம் பட்டால் விடும் பசையை அந்தக் கட்டுகள் பிடித்து நிறுத்தின. கோலின் துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணின் விளிம்பு பிளவுபட்டிருந்தால் லியோனார்ட் 1878இல் காப்புரிமை பெற்ற உத்தி நினைவுக்கு வரும். விறைப்பான விளிம்பில் கோல் ஒடிவதைத் தடுக்க வந்தது அது. எல்லாத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் அவை ஒரே நீளத்தில் இருக்கும். நுனித்துண்டு மட்டும் குட்டையாக இருந்தால் அது எப்போதோ ஒடிந்திருக்கிறது.

சீரமைப்பும் இதே அறிவில்தான் நிற்கிறது. பழைய நூற்கட்டை அறுக்கும்போது கத்தியை, தூண்டில்நூல் ஓடும் வளையத்தின் உலோகக் கால்மீது வைத்தே அறுக்க வேண்டும். மூங்கில்மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் நாரை வெட்டிவிடும், பின்னொரு நாள் கோல் அங்கேயே ஒடியும். பூணைக் கழற்ற இளஞ்சூடு காட்டி நேராக இழுக்க வேண்டும். முறுக்கினால் பிளாச்சுகளின் ஒட்டு விடும். வளைந்துபோன கோலை அனலில் காட்டி நிமிர்த்தலாம், ஆனால் வஜ்ஜிரம் சூட்டுக்கும் இளகும் என்பதை மறக்கக் கூடாது. புதுப் பட்டுநூல் வார்னிஷ் பட்டதும் நிறம் கறுத்துக் கண்ணாடிபோலாகிவிடும். பழைய நிறமே வேண்டுமென்றால் முதலில் நிறம்காக்கும் பூச்சு பூச வேண்டும்.

உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அழுக்கு வார்னிஷைப் போக்குகிறேன் என்று தேய்ப்பவர், ஃபிலிப்பும் லியோனார்டும் எந்த அடுக்குக்காக மூங்கிலைப் பிளந்தார்களோ அந்த அடுக்கையே தேய்க்கிறார். வார்னிஷை மீண்டும் பூசலாம், நூலை மீண்டும் சுற்றலாம், பூணைப் புதிதாகச் செய்யலாம். போன நார் திரும்பாது. எனவே பழைய கோல் கையில் வந்தால் முதல் வேலை அதை அளந்து, எழுதி, படம் எடுத்து வைப்பது. கருவியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.