ஆற்றங்கரைப் பாதையும் மிதிவண்டியும்



பாபநாசம் என்றதும் உங்களுள் சிலருக்குப் பொதிகை மலையும் தாமிரபரணியும் நினைவுக்கு வரக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பாபநாசம் அன்று. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, குடமுருட்டியும் திருமலைராஜனாறும் தொட்டுச் செல்லும் நெல் விளையும் நாட்டில், 108 சிவலிங்கங்களைக் கொண்ட கோயிலோடு விளங்கும் பாபநாசம் இது. இசைமேதை பாபநாசம் சிவன் அவர்களின் பெயரோடு சேர்ந்ததும் இவ்வூரே.

இவ்வூரை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலின் வளாகத்தில் ஒரு நெற்களஞ்சியம் நிற்கிறது. செங்கல்லால் எழுப்பிய அதன் உயரம் 36 அடி. 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600-க்கும் 1634-க்கும் இடையில் கட்டப்பட்ட இதனை மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது. பார்க்க வருவோர் அதன் உருவத்தை வியந்து திரும்புகின்றனர். என் வகுப்பு மாணவன் ஒருவன் வேறொன்று கேட்டான்: "ஐயா, இவ்வளவு நெல் எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது?" வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அக்கேள்வி அதுவரை தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு விடை சொல்ல முயன்றதன் பயனே இன்றைய பேச்சு.

இந்த வண்டல் நாட்டில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வேண்டிய பாறைகள் அனைத்தும் வெளியிலிருந்தே வந்தன. களஞ்சியம் செங்கல்லால் ஆனதும் வியப்பன்று. ஆகவே சாலையில் கொட்டும் கப்பியும் சரளையும்கூட இங்கே விருந்தாளிகள்தாம். வயல்களோ ஆண்டில் பாதி நாள் நீரில் கிடப்பவை. அப்படியானால் பாரவண்டி ஓடுவதற்கு உயர்ந்து உறுதியாக நிற்கும் தரை எங்கே இருந்தது? ஆற்றின் கரையில் இருந்தது. வாய்க்காலைத் தோண்டிய மண்ணே கரையாயிற்று. கரையின் தலையே பாதையாயிற்று. இந்நாட்டில் நீரின் வழியும் மனிதனின் வழியும் உடன்பிறந்தவை.

இதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. சோழர் காலத்தில் நிலத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் முறையைப் பாருங்கள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று எழுதினர். வதி என்பதற்கு வழி என்றும் பொருள் கொள்வர். வழியும் வாய்க்காலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வயல்களைக் கட்டங்களாகப் பிரித்தன. வதிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் அரசர் பெயரும் தெய்வப் பெயரும் இட்டு வழங்கினர். நகரத் தெருக்களுக்கு நாம் இன்று பெயர்ப்பலகை வைப்பதுபோல, அன்று வயற்காட்டுக்கே முகவரி இருந்தது.

கரையைக் காத்தவர் யார்? ஊரார் கூடி வாய்க்கால் வெட்டிக் கரை கட்டும் கடமைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் 1858-ஆம் ஆண்டு இயற்றிய கட்டாய உழைப்புச் சட்டம், உடைப்பு நேர்ந்தால் ஊராரை வேலைக்கு அழைக்க அதிகாரம் தந்தது. குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் பொற்காலம் என்று புகழ்ந்து எழுதுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மண்வெட்டி பிடித்தவர்களும் கூடை சுமந்தவர்களும் பெரும்பாலும் சொந்த வயல் இல்லாத உழைப்பாளிகள். தானம் கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. மண் சுமந்தவரின் கைவேலை கரையாக நிற்கிறது. அந்தக் கரையின்மேல் செல்லும்போது இதை மறக்கலாகாது.

இனி மிதிவண்டிக்கு வருவோம். இரு சக்கரமும் ஒத்த அளவாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-இல் கொணர்ந்தார். காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை டன்லப் 1888-இல் அமைத்தார். இந்த இரண்டாவது புதுமை இல்லையேல் மண் பாதையில் மிதிவண்டிக்கு வேலையே இல்லை. மாட்டுவண்டி உழுதுவிட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் மேடு இருக்கும். மிதிவண்டிக்கு அதுவே போதும். வெற்றிலைக் கட்டு, பால் கேன், விதைநெல் மூட்டை யாவும் அந்த ஒரு முழத்தில் ஊர் கடந்தன. 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியபின், சிறு விவசாயியும் ஆசிரியரும் நாளடைவில் ஒரு வண்டிக்கு உரியவராயினர்.

நானும் அப்படி ஒருவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கார்த்திகை மாதம், திருக்கருகாவூருக்குக் கரைவழியே குறுக்காகப் போகலாமென்று புறப்பட்டேன். அரை மைல் போவதற்குள் களிமண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே அப்பிக்கொண்டது. குச்சியால் நெம்பினேன், பத்தடி போவதற்குள் மறுபடி அப்பியது. முடிவில் வண்டி என்மேல் ஏறிக்கொண்டது. நாற்று முடிந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "வாத்தியாரய்யா, தை பொறக்கட்டும், அப்புறம் கரையிலே ஏறுங்க" என்றார். எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாத பாடம் அது.

இப்பாதைகளுக்கும் பருவம் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின், ஜூன் 12-இல் நீர் திறந்து ஜனவரி 28-இல் அடைப்பது வழக்கமாயிற்று. நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் கரைப்பாதைகளும் அவ்வாறே ஓடுகின்றன. கிழக்கு மேற்காகச் செல்வது எளிது. வடக்கு தெற்காகச் செல்வதுதான் தொல்லை. எதிர்க்கரைக் கோயிலின் மணியோசை காதில் விழும். ஆனால் பாலத்துக்கு நெடுந்தூரம் சுற்ற வேண்டும். மாசி, பங்குனியில் ஆறு வற்றியபின் வண்டியைத் தோளில் வைத்து மணலில் இறங்கிக் கடந்துவிடலாம். எந்த ஊரார் எந்த ஊரில் பெண் கொடுத்தனர், எந்தச் சந்தைக்குச் சென்றனர் என்பதிலெல்லாம் இந்த ஆறுகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

விடுமுறையில் செல்ல விரும்புவோருக்கு மூன்று திசைகளைக் காட்டுகிறேன். மேற்கே குடமுருட்டியை ஒட்டிப் போனால் பசுபதிகோயில் அருகே புள்ளமங்கை. முற்காலச் சோழர் சிற்பக்கலையின் நுட்பத்தை அங்கே உள்ளங்கை அளவுச் சிற்பங்களில் காணலாம். தெற்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டரில் வெட்டாற்றங்கரையில் திருக்கருகாவூர். அதற்கும் அப்பால் பாகவத மேளா நாட்டிய நாடகத்தால் பெயர்பெற்ற மெலட்டூர். கிழக்கே நாயக்கரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடு தொடர்புடைய பட்டீஸ்வரம், சோழரின் மற்றொரு தலைநகராயிருந்த பழையாறை, இரண்டாம் இராசராசன் எழுப்பித்து 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாராசுரம். பழையாறைக்கு மட்டும் மெதுவாகச் செல்லுங்கள். அரண்மனை எதுவும் கண்ணில் படாது. வாழைக் கொல்லைகளும் வயல்களும்தாம். ஒரு தலைநகரம் இப்படி மண்ணுக்குள் போக முடியுமா என்ற திகைப்பு, பேருந்தில் விரைவோருக்கு ஏற்படாது.

இப்பாதைகள் பலவற்றில் இப்போது தார் ஏறிவிட்டது. அதைக் குறைகூற நான் வரவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நல்ல சாலை வேண்டும். மண் பாதையின் அழகு அவளுக்கு எதற்கு? ஆனால் சாலை அகலும்போது கரையைச் சரித்து, மரத்தை வீழ்த்தி, பக்கவாய்க்காலைத் தூர்த்துவிடுவதும் சில இடங்களில் நடக்கிறது. அப்போது பாதையோடு நீரின் வழியும் அழிகிறது. மழைக்காலத்தில் வயலில் தேங்கிய நீர் வடியாமல் பயிர் அழுகுவதற்கு அதுவும் ஒரு காரணமாகிறது. இத்தாலி நாட்டில் தஸ்கனிப் பகுதியின் வெண்சரளைச் சாலைகள் தாருக்கு இரையாகாதபடி காக்க விரும்பிய சிலர், 1997-இல் கையோலே என்ற சிற்றூரில் பழைய மிதிவண்டிகளில் ஒரு பயணம் தொடங்கினர். 'எரோயிகா' என்ற அப்பயணம் இன்று உலகறிந்த விழா. அவர்கள் காத்தது சாலையை. நாம் காக்க வேண்டியது சாலையைத் தாங்கும் கரையை.

நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்று ஊர் ஊராகப் புறப்பட்டனர். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-ஆம் ஆண்டிலிருந்து மாணவர் மாணவியர் இருபாலாருக்கும் விரிந்தது. ஆகவே வண்டிக்குக் குறையில்லை.

புறப்படும்போது ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். மதகு ஒன்றைக் கண்டால் இறங்கி, அருகில் இருக்கும் பெரியவரிடம் அந்த வாய்க்காலின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஆற்றுக் காவல் செய்த லஸ்கர் எவரேனும் இருந்தால் அவரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்த மதகை எத்தனை பலகை தூக்கினால் எந்த வயலுக்கு நீர் ஏறும் என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார். அப்பெயர்களுள் பல எந்த வரைபடத்திலும் இல்லை. களஞ்சியத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன் ஒரு கோடையில் நாற்பத்திரண்டு பெயர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குச் சொல்லியவர்களுள் இருவர் மட்டுமே இன்று இருக்கின்றனர்.