பெங்களூரில் பார்த்த சுவரும் நம்ம ஊர்ப் பாறையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதிகூடப் படிக்காமல் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே தெரியும்.

பெங்களூரில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி, "அம்மாச்சி, நான் ஏறுறதைப் பாக்க நீங்களும் வாங்க" என்று ஓர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் குடோன். உள்ளே போனால் நாலு பக்கமும் பலகைச் சுவர். இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சில இடத்தில் நேராக நிற்கிறது, சில இடத்தில் தலைக்கு மேலே கவிந்து வருகிறது. சுவர் முழுக்கச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் கற்களைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். தரையில் முழங்கால் உயரத்துக்கு மெத்தை. கயிறு கிடையாது. ஏறவேண்டியது, விழுந்தால் மெத்தையில் விழவேண்டியது. இதற்குப் பெயர் போல்டரிங்காம்.

காசு கொடுத்துப் போய் விழுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தபிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

ஒரே நிறத்துக் கற்களை மட்டும் பிடித்து, அடியிலிருந்து உச்சிவரை போகவேண்டும். அப்படி ஒரு வழிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'பிராப்ளம்'. பேத்தி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தேழு வருடம் கரும்பலகையில் நான் போட்டதும் அதுதானே! நம்ம வாயில் அதற்குக் கணக்கு என்று பெயர். சுவரில் ஏறுவதற்கு முன்னால் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். இந்தக் கல்லில் இடது கை, அதில் வலது கால் என்று காற்றிலேயே கையை ஆட்டி ஒத்திகை பார்க்கிறார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரியே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே இருந்த ஒரு கட்டுப்பாடு. ஒருத்தர் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அவர் கேட்காமல் விடையைச் சொல்லக்கூடாது. சொன்னால் அது மரியாதைக்குறைவு. "வா, வா, விடாதே" என்று கத்தலாம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கத்துகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், என் மகள் வயதுப் பெண்கள், தலை நரைத்த ஒருத்தர் என்று எல்லோரும் கலந்து இருந்தார்கள். பேத்தி ஒரு மஞ்சள் கணக்கில் ஒன்பது தடவை விழுந்தாள். ஆறாவது தடவையே எனக்கு விடை தெரிந்துவிட்டது. வலது காலை முதலில் மாற்ற வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியராக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பத்தாவது தடவை அவளே காலை மாற்றினாள்.

எல்லோர் கையிலும் வெள்ளைப் பொடி. சாக்பீஸ் தூள் என்று நினைத்தேன். அது வேறு, மக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சும் என்றார்கள். வீட்டுக்கு வந்து இந்தப் பொடி எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

பிரான்சில் பாரிசுக்குப் பக்கத்தில் ஃபோன்டன்புளோ என்று ஒரு காடு. மணற்பாறைகள் நிறைந்தது. ஆல்ப்ஸ் மலை ஏறப் போகிறவர்கள் பழகுவதற்காக அங்கே போய்ப் பாறை ஏறியிருக்கிறார்கள். போகப்போக அந்தச் சின்னப் பாறைகளே போதும் என்று ஆகிவிட்டது. நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1947-ல் அங்கே பாறைகளில் அம்புக்குறி தீட்டி, இந்த வரிசையில் ஏறு என்று வழி போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1950-களில் இதைத் தனி வித்தையாக வளர்த்தவர் ஜான் கில். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களின் வெள்ளைப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய தொழில் என்ன தெரியுமா? கல்லூரியில் கணக்கு வாத்தியார்! இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964-ல் நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்து ஏறுசுவர் அமைத்தவர் டான் ராபின்சன். அவர் உடற்கல்வி விரிவுரையாளர். டோக்கியோவில் 2021-ல் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போய்விட்ட விளையாட்டு இது. அதற்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் பி.டி. வாத்தியார். நம்ம சங்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சுவரை எங்கேயோ பார்த்த மாதிரி ஒரு எண்ணம். அப்புறம் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலுக்கு 2006-ல் உங்களில் சில பேரைச் சுற்றுலா அழைத்துப் போனேனே, அங்கே ஓவியம் இருக்கிற குகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் புளியோதரையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஏழடிப்பட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம். உள்ளே பதினேழு கற்படுக்கைகள். பிராமி எழுத்தில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. குகைக்குப் போகும் வழியில் பாறை சறுக்கலாக இறங்குகிறது. கால் வைத்துத் தாண்டிப் போவதற்காகப் பாறையில் ஏழு இடத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஏழடிப்பட்டம். இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள், பயமில்லை. கம்பி இல்லாத காலத்தில், வெறும் காலோடு, அந்த ஏழு பிடிமானத்தை நம்பி ஒருத்தர் போயிருக்கிறார். ஏழு கல் வைத்த கணக்கு என்று என் பேத்தி சொல்வாள்.

மதுரையைச் சுற்றியிருக்கிற குன்றுகளும் அப்படித்தான். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம், ஆனைமலை என்று வயல்காட்டுக்கு நடுவே எழுந்து நிற்கிற மொட்டைப் பாறைகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அவற்றின் பொந்துகளில் படுக்கை செதுக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க குகையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காடியை ஒட்டித்தான் பல இடங்களில் எழுத்து. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அவ்வளவு உயரத்தில் உளியும் சுத்தியலுமாக நின்றவன் எதைப் பிடித்து நின்றான் என்பதைப் பற்றி எந்தக் கல்வெட்டிலும் ஒரு வரி இல்லை.

கீழவளவுக் கல்வெட்டில் எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் இப்படி எழுதுகிற பிள்ளை ஒன்றாவது ஒவ்வொரு வருடமும் வரும். தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி. 'பள்ளி' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாங்குளத்திலும் அது இருக்கிறது. படுக்கை, துறவிகள் தங்குமிடம் என்றுதான் அங்கே பொருள். அந்தத் துறவிகள் இருந்த இடத்தில் பாடம் நடந்தது. பிறகு பாடம் நடக்கிற இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள். நாம் காலை ஒன்பது மணிக்கு மணியடித்துப் போய் உட்கார்ந்த பள்ளிக்கூடத்தின் பெயர் ஒரு பாறையிலிருந்து இறங்கிவந்தது.

கீழக்குயில்குடி சமணர்மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்துக்குப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் போகவேண்டும். வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே வட்டெழுத்து. காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. யார் யார் செய்வித்தது என்று பெயர் போட்டிருக்கிறார்கள். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயரும், அவருடைய மாணாக்கர்கள் பெயர்களும் வருகின்றன. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த சிற்பமும் உண்டு. ஆசிரியர், மாணாக்கர், மகனைத் துறவுக்குக் கொடுத்த ஓர் அம்மா. மதுரை சுத்துப்பட்டில் நான் பார்த்த பழைய வருகைப் பதிவேடு அதுதான்.

இதையெல்லாம் நான் வேலையில் சேர்ந்தபோது தெரிந்துவைத்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனைமலையில் சிற்ப நகரம் அமைக்கப் போகிறோம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, ஒத்தக்கடை, நரசிங்கம் ஊர்க்காரர்கள் எங்கள் மலையைத் தொடாதே என்று எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது ஞாபகம் இருக்கும். அந்தச் சூட்டில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010-ல் தொடங்கியது பசுமை நடை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு மலைக்குக் கூட்டிப்போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் ஐயா பாறை மேல் நின்று வகுப்பெடுப்பார். ஐம்பது வயதில் தரையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட பாடம் அது. பாறையில் வழுக்கினால் முன்பின் தெரியாத கை ஒன்று நீளும். பெங்களூர் சுவருக்கடியில் கேட்ட "வா, வா" சத்தம் எனக்குப் புதிதாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

இனி எழுதுவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் இருந்தபோது, 1993-94-ல் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை. மதிய உணவு மணி அடித்தால் தட்டைக்கூடக் கழுவாமல் அதன்மேல் இருப்பான். பல்லி மாதிரி ஏறுவான். கால் விரலை மட்டும் ஒரு வெடிப்பில் வைத்து, ஒரு நிமிடம் யோசித்து, அடுத்த கையை எடுப்பான். இன்றைக்கு அதை யோசனை என்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் அதைத் திமிர் என்று சொன்னேன். விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கு. புளியங்குச்சியால் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். ஒரு தடவை இல்லை. கணக்கில் அவன் சுமார். "பாறையில ஏறத்தான் லாயக்கு" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. கல் குவாரியில் அப்பாவோடு போய்விட்டான் என்றார்கள்.

அது கிரானைட் கொழித்த காலம். மேலூர் வட்டாரத்தில் பாறைகள் கட்டிகட்டியாக அறுபட்டு லாரியில் போயின. கண்மாய்க்குள் கழிவுக்கல் குவிந்தது. ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-ல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். உயர்நீதிமன்றம் 2014-ல் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. கீழவளவில் பஞ்சபாண்டவர் மலையைச் சுற்றி வெட்டிய பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்தப் பாறையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிற ஒரு குழி.

எல்லாமே போய்விடவில்லை. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மேலூரிலிருந்து மதுரைக்கு சனம் நடந்தே வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கூட்டத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் நாலைந்து பேரை டிவியில் பார்த்தேன். ஒருத்தி மைக் பிடித்துப் பேசினாள். வகுப்பில் வாயே திறக்காதவள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிளம்பும்போது அங்கே பயிற்சி கொடுக்கிற பெண், "நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க ஆன்ட்டி" என்றாள். சுடிதார்தான் போட்டிருந்தேன், சரி என்று செருப்பைக் கழற்றினேன். சுவரில் பெரிய பெரிய பச்சைக் கற்கள், சின்னப் பிள்ளைகளுக்கானவை. இரண்டு கால் வைத்தேன். தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. பேத்தி வீடியோ எடுத்தாள். மூன்றாவது கல்லுக்குக் கையை நீட்டவேண்டும், அதற்கு இந்தக் கையை விடவேண்டும். விட முடியவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. பின்னால் நாலு பேர் "வாங்க, வாங்க" என்று கத்துகிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் பையனுடைய கால் விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கிவிட்டேன். முழங்கால் வலி என்று பேத்தியிடம் சொல்லிவைத்தேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மதுரை திரும்புகிறேன். மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிறு கீழக்குயில்குடி போகலாம், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். காலை ஆறு மணிக்கு ஆலமரத்தடி. தண்ணீர் பாட்டிலும் பிடிமானமுள்ள செருப்பும் அவசியம்.

1993-94-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் கமெண்டில் போடவேண்டாம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் இன்பாக்ஸில் எழுதுங்கள். போன் நம்பர் இருந்தால், அவனைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.