பெரியண்ணனும் சின்னண்ணனும்



பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஒடுகத்தூரில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூர். கிறிஸ்தவப் பணி என்றதும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் வேலூர் ஆஸ்பத்திரியும் ஐடா ஸ்கடர் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். அது நியாயம்தான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு சரித்திரம் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இன்று அதைச் சொல்கிறேன்.

1921 ஆம் ஆண்டு. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டில் திருப்பத்தூரில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். பெயர் கிறிஸ்துகுல ஆசிரமம். கிறிஸ்துவின் குடும்பம் என்று பொருள். ஒருவர் தமிழர், சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். பிரிட்டனில் மருத்துவம் படித்த காலத்தில் ஏற்பட்ட நட்பு அவர்களுடையது.

பேட்டன் சாதாரண வீட்டுப் பிள்ளை அல்ல. அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தில் அலோவா என்ற ஊரில் பெரிய நூல் ஆலைகளை நடத்திய குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தவர். அப்படிப்பட்டவர் இங்கே வந்து கையால் நூற்ற கதர் உடுத்தினார். தரையில் உட்கார்ந்து சைவச் சாப்பாடு சாப்பிட்டார். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏழை எளியவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தைக்கூட மேல்நாட்டுப் பாணியில் கட்டவில்லை. கோபுரத்தோடு நம் ஊர்க் கோவில் அமைப்பில் கட்டினார்கள்.

இதெல்லாம் தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனதைத் தொட்டது வேறொரு விஷயம். ஆசிரமத்தில் இயேசுதாசனுக்குப் பெயர் பெரியண்ணன். பேட்டனுக்குப் பெயர் சின்னண்ணன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். இயேசுதாசன் பிறந்தது 1882, பேட்டன் பிறந்தது 1891. ஒன்பது வயது வித்தியாசம். நம் வீட்டு வழக்கப்படி மூத்தவர் பெரியண்ணன், இளையவர் சின்னண்ணன். சரிதானே?

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் என்றால் வயது இருபதானாலும் அவர் துரை. அறுபது வயதுக்காரரும் எழுந்து நிற்க வேண்டும். மிஷன்களிலும் அந்த வாடை இல்லாமல் இல்லை. பங்களா, சம்பளம், கமிட்டியில் கடைசி வார்த்தை எல்லாம் பெரும்பாலும் மிஷனரியிடம்தான் இருந்தன. 1910 இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து போயிருந்த அசரியா அந்த மேடையிலேயே இதைப் பேசினார். நீங்கள் செய்த தியாகங்களுக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற கருத்தைத் தைரியமாகச் சொன்னார். அவர்தான் இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அந்தக் கேள்விக்குத் திருப்பத்தூரில் ஒரு பதில் கிடைத்தது. நாட்டை ஆண்ட இனத்தைச் சேர்ந்தவர், பணமும் உள்ளவர், அடிமை நாட்டுக்காரர் ஒருவருக்குத் தம்பி ஸ்தானத்தில் உட்கார்ந்தார். சாம்ராஜ்யத்தின் கணக்கில் அவர் மேலே. குடும்பத்தின் கணக்கில் கீழே. அவர் குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொண்டார்.

இது வெறும் பெயர்தானா என்று சந்தேகப்படலாம். 1932 இல் அதற்கும் ஒரு சோதனை வந்தது. சட்டமறுப்பு இயக்க நேரம். சென்னையில் கதர் உடுத்திச் சென்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். சாயத் தண்ணீரையும் பீய்ச்சினார்கள். வழக்கும் போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். லண்டன் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. அதே நாட்களில் அதே அடியை வாங்கிய நம் ஆட்கள் எத்தனையோ பேருக்காக அங்கே யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. இதையும் மறக்கக் கூடாது. ஆனால் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தால் அந்த அடி அவர் மேல் விழுந்திருக்காது. கதரைப் போட்டவர், அதற்குரிய அடியையும் சேர்த்தே வாங்கினார்.

1969 இல் பெரியண்ணன் மறைந்தார். அடுத்த ஆண்டு சின்னண்ணனும் மறைந்தார்.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை எல்லாச் சபைகளிலும் பிரசங்கம் செய்கிறோம். ஒரு நாள் ஒருவர் காலைக் கழுவுவது கடினம் இல்லை. எல்லோரும் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள். யாரும் பார்க்காத நாட்களிலும் இன்னொருவரை மூத்தவராக வைத்து, அவர் சொல்லுக்குப் பிறகு நம் சொல்லை வைப்பதுதான் கடினம். தாழ்மை என்பதற்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம் அதுதான்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் தெரியுமா? நான் ஓய்வு பெற்ற பின் எங்கள் சபைக் கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் செயலாளராக வந்தான். நான் சாதாரண உறுப்பினர். முதல் கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது, "சார், அடுத்து உங்களுக்கு வாய்ப்புத் தருகிறேன்" என்றான். முறைப்படி அவன் சொன்னது சரி. எனக்கு முகம் சுண்டிப்போனது. முழங்கால் வலி என்று சொல்லி மூன்று கூட்டங்களுக்குப் போகவில்லை. வலி முழங்காலில் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான், ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் திருப்பத்தூர் ஆசிரமத்துக்குப் போய் அந்த ஜெபாலயத்தில் தரையில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. பேட்டனுக்காவது வயது உதவியது. அவர் உண்மையிலேயே இளையவர். எனக்கு அந்த வசதியும் இல்லை. என்னைவிட முப்பது வயது சின்னவனுக்குக் கீழே நான் உட்கார வேண்டும். ஆனால் இனத்தையும் பணத்தையும் ஒருவர் ஓரமாக வைக்க முடிந்தது என்றால், "சார்" என்ற ஒரு பட்டத்தை நான் வைக்க முடியாதா?

நான்காவது கூட்டத்துக்குப் போனேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது பேசினேன். என் யோசனையை ஏற்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனேன்.

அந்தச் செயலாளர் இந்தப் பதிவைப் படிப்பான். தம்பி, முழங்கால் இப்போது பரவாயில்லை.

உங்களில் பலர் இன்று தலைமை ஆசிரியர்கள், அதிகாரிகள், சபை மூப்பர்கள். உங்கள் இடத்தில் யாரைப் பெரியண்ணனாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். திருப்பத்தூர் பக்கம் போனால் அந்த ஜெபாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
ஒடுகத்தூர்.