87 ஆண்டுகள் காணாமல் போன தேரை: சரவாக் காட்டில் இந்திரநீல் தாஸ்

மழைக்கு முன் தவளை கத்தும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்து போய், கத்துவது எந்த இனம், என்ன தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது என்று பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் பேராசிரியர் இந்திரநீல் தாஸ். யூனிமாஸ் எனப்படும் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தில் தவளைகள், ஊர்வன பற்றிய ஆய்வை முன்னெடுத்தவர்.

இவருடைய பயணத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் இவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், தென்னிந்தியத் தவளைகளின் உணவுப் பழக்கம். மாமல்லபுரம் சாலையில், 1976இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணை வெளியிட்ட ‘ஹமாட்ரியாட்’ ஆய்விதழுக்கும் இவர் ஆசிரியராக இருந்தார்.

மலேசியாவில் இவர் பெயர் பரவலாக அடிபட்டது 2010இல். கூச்சிங்கை ஒட்டிய குபா தேசியப் பூங்காவில், செராப்பி மலை உச்சிக்குப் போகும் சாலையோரத்தில், தாஸும் ஜெர்மானிய ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹாஸும் ஒரு குட்டித் தவளையைக் கண்டனர். வளர்ந்த ஆண் தவளையின் நீளமே 10.6 முதல் 12.8 மில்லிமீட்டர்தான். 5 காசு நாணயத்தின் மேல் உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சும்! கண்ணில் படாத இதைக் காட்டிக் கொடுத்தது அதன் குரல். பொழுது சாயும் நேரத்தில் கரகரவென்று கத்தும். சத்தம் வந்த இடத்தைத் தேடிப் போய், வெள்ளைத் துணி மேல் குதிக்க வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அது முட்டையிடும் இடம் இன்னும் வியப்பு. மலாயில் ‘பெரியோக் கெரா’ என்று நாம் அறிந்த குடுவைச் செடிக்குள்! பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் செடிக்குள் தலைப்பிரட்டை எப்படிப் பிழைக்கிறது? இந்தக் குறிப்பிட்ட வகைக் குடுவை, பெரும்பாலும் மேலிருந்து விழும் இலைச் சருகை நம்பி வாழ்கிறது.

அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கு முன்பே இத்தவளைகள் இருந்தன. வேறு இனத்தின் குஞ்சுகள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் போலும். தாஸும் ஹாஸும் ‘நெபெந்திகோலா’ என்று பெயரிட்டனர். ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. இது 1928இலேயே ‘போர்னியென்சிஸ்’ எனப் பெயர் பெற்ற இனம்தான் என்று ஜப்பானிய ஆய்வாளர் மாட்சுயி 2011இல் காட்டினார். அதுவரை அந்தப் பழைய பெயரால் அழைக்கப்பட்ட, சற்றுப் பெரிய தவளைக்குத்தான் உண்மையில் பெயரே இருக்கவில்லை. பெயர் போனாலும், குடுவைக்குள் நடக்கும் வாழ்க்கையைக் கண்டு எழுதியது போகவில்லை. என் கணக்கில் அதுவே பெரிது.

அதே ஆண்டில் இன்னொரு செய்தி வந்தது. ‘வானவில் தேரை’ என்று அழைக்கப்படும் சம்பாஸ் ஓடைத் தேரை கடைசியாகக் காணப்பட்டது 1924இல். உலகம் அறிந்தது மூன்றே மூன்று மாதிரிகள். ஒரு புகைப்படம்கூட இல்லை. உலகம் தேடும் காணாமல் போன தவளை, தேரைகளில் முதல் பத்தில் ஒன்றாக அதை ஓர் அனைத்துலக அமைப்பு 2010இல் அறிவித்தது. தாஸ் குழுவினர் மேற்குச் சரவாக்கில், கலிமந்தான் எல்லையிலுள்ள 1,329 மீட்டர் உயரப் பென்ரிசென் மலைத்தொடரில் இரவு இரவாகத் தேடினர். முதல் சில மாதங்கள் வெறுங்கைதான். தேடலை இன்னும் உயரத்துக்கு மாற்றிய பிறகு, ஓர் இரவு, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் மரத்தில் ஒட்டியிருந்த தேரையை அவருடைய மாணவர் கண்டார். மொத்தம் மூன்று கிடைத்தன: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குஞ்சு. நீண்ட மெல்லிய கால்கள். முதுகெங்கும் பல நிறப் பொட்டுகள்.

அந்த அழகுதான் அதற்கு ஆபத்தும். செல்லப்பிராணிச் சந்தையில் வண்ணத் தேரைகளுக்கு நல்ல விலை. தேரை கிடைத்த பகுதி அப்போது பாதுகாக்கப்பட்ட வனமாகவும் இல்லை. அதனால் 2011 ஜூலையில் படங்களோடு செய்தி வெளியானபோது, மலைத்தொடரின் பெயரை மட்டும் சொன்ன தாஸ், சரியாக எந்த இடம் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார்.