தாமஸ் காக்ரேன் (1775–1860)

டன்டொனால்டின் 10-ஆவது பிரபு. ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, நாடாளுமன்ற உறுப்பினர். தந்தை நிலக்கரித் தார் போன்ற கண்டுபிடிப்புகளில் குடும்பச் சொத்தைக் கரைத்தவர் என்பதால் மகனுக்குப் பட்டம் மட்டுமே மிஞ்சியது. 1793-இல் சித்தப்பா அலெக்சாண்டர் காக்ரேன் தலைமை வகித்த 'ஹைண்ட்' கப்பலில் சேர்ந்தார்.

1800-இல் கையில் கிடைத்தது 'ஸ்பீடி' என்ற சிறு கப்பல். அதன் 14 பீரங்கிகளும் 4 பவுண்டு குண்டு எறிபவை. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அத்தனைக்கும் வேண்டிய குண்டுகளைத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்பது அவரே சொன்ன கேலி. 1801 மே 6 அன்று பார்சலோனா அருகே 32 பீரங்கிகளும் 319 பேரும் கொண்ட ஸ்பானியக் கப்பல் 'கமோ' எதிர்ப்பட்டது. காக்ரேனிடம் இருந்தவர்கள் 54 பேர். அமெரிக்கக் கொடி காட்டி நெருங்கி, எதிரியின் விலாவோடு கப்பலை ஒட்டிவிட்டார். உயரத்திலிருந்த ஸ்பானியப் பீரங்கிகளின் குண்டுகள் தலைக்கு மேலே பறந்தன. சுக்கானில் மருத்துவரை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எல்லோரையும் எதிரிக் கப்பலில் ஏறச் சொன்னார். சிலர் முகத்தில் கரி பூசியிருந்தார்கள். கைகலப்பு நடக்கும்போதே ஸ்பானியக் கொடியை இறக்கச் செய்ய, சரணடைந்துவிட்டோம் என்று எண்ணி எதிரிகள் ஆயுதத்தைப் போட்டார்கள்.

தேர்தலிலும் இதே தந்திரம்தான். 1806-இல் ஹானிட்டன் தொகுதியில் காசு கொடுக்க மறுத்துத் தோற்றார். தோற்றபின், தமக்கு வாக்களித்தவர்களுக்கு ஆளுக்குப் 10 கினி என்று தண்டோரா போட்டார். அடுத்த தேர்தலில் ஊரே ஆசையோடு வாக்களித்தது; வென்றவர் ஒரு பென்னிகூடத் தரவில்லை. 1807-இல் வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினராகி, கடற்படையின் ஊழலைச் சபையில் கிளறினார்.

1809 ஏப்ரலில் பாஸ்க் ரோட்ஸ் துறையில் தீக்கப்பல்களை விட்டுப் பிரெஞ்சுக் கப்பல்களைத் தரைதட்ட வைத்தார். மேலதிகாரி கேம்பியர் தொடர்ந்து தாக்காமல் தயங்கினார் என்பது அவர் குற்றச்சாட்டு. இராணுவ நீதிமன்றம் கேம்பியரை விடுவித்தது. காக்ரேனுக்குக் கிடைத்தது பகை.

1814 பிப்ரவரியில் நெப்போலியன் இறந்தார் என்ற பொய்ச்செய்தி லண்டன் பங்குச்சந்தையை ஏற்றிவிட்டது. செய்தி கொண்டுவந்தவன் நேராகப் போனது காக்ரேன் வீட்டுக்கு. அன்றே அவருடைய பத்திரங்களும் விற்பனையாயின. விலை 1 சதவீதம் ஏறினாலே விற்கத் தரகரிடம் முன்பே சொல்லிவைத்ததாக அவர் வாதிட்டார், எடுபடவில்லை. குற்றவாளியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். தண்டனை: ஓராண்டுச் சிறை, 1,000 பவுண்டு அபராதம், பதவி நீக்கம். பாத் என்ற வீரவிருதும் பறிபோனது; அதற்குரிய அவருடைய கொடியை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து பிடுங்கிப் படிகளில் உதைத்துத் தள்ளினார்கள். சபை வெளியேற்றிய அதே மாதத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அபராதமாகத் தந்த 1,000 பவுண்டு நோட்டின் பின்புறத்தில், உயிர் பிழைக்கவே இந்தக் கொள்ளைக்கு இணங்குவதாக எழுதிக் கொடுத்தார்.

சிலி தன் கடற்படைக்கு அழைக்க, 1818-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1820-இல் ஸ்பானியரின் வால்டிவியா கோட்டைகளைப் பிடித்ததும், கயாவோ துறைமுகத்துக்குள் புகுந்து ஸ்பானியக் கப்பல் 'எஸ்மெரால்டா'வைக் கைப்பற்றியதும் தென் அமெரிக்க விடுதலைப்போரின் திருப்பங்கள். பின்னர் பிரேசில், கிரீஸ் கடற்படைகளுக்கும் தலைமை தாங்கினார். கிரீஸில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1832-இல் மன்னிப்பும் பதவியும் கிடைத்தன. 1847-இல் பாத் விருது திரும்பியது. 1860 அக்டோபர் 31 அன்று இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடப்பதற்கு முந்தைய நாள், விக்டோரியா அரசியின் ஆணைப்படி அவருடைய கொடி பழைய இடத்தில் மாட்டப்பட்டது.